முழங்காலில் எழுந்த வரிகள்

நுழையும்முன்

தோலில் தோன்றும் அடையாளங்களுக்குத் தமிழில் பெயர்கள் பல. மச்சம், மரு, தேமல், வடு, தழும்பு, காய்ப்பு, வரி, திரை என இன்றும் வழங்கும் சொற்களும், சுணங்கு, திதலை எனச் சங்கப் பாடல்களில் பயின்றுவரும் சொற்களும் அவற்றுள் அடங்கும். புண்பட்டு ஆறியது தழும்பு. உழைத்து உரமேறியது காய்ப்பு. முதுமையில் சுருங்கியது திரை. இத்தகைய சொற்கள் அடையாளத்தை மட்டுமன்றி, அது வந்த வழியையும் சேர்த்தே சுட்டுகின்றன. வளரிளம் பருவத்தில் முழங்காலைச் சுற்றித் தோன்றும் வரிகள் எவ்வழி வந்தவை என்பதை விளக்குகிறது இப்பாடம்.

எட்டாம் வகுப்பில் தைத்த காற்சட்டை, ஒன்பதாம் வகுப்புக்குச் செல்வதற்குள் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடுவது பல வீடுகளில் காணும் காட்சியே. பதினொன்றாம் வகுப்பில் பயில்வோர் பலர் அவ்விரைவு வளர்ச்சியைக் கடந்து வந்தவர். சிலர் இப்போதுதான் அதன் நடுவே நிற்பவர். அந்நாள்களில் ஒருநாள், குளிக்கும்போதோ விளையாட்டுத் திடலில் அரைக்காற்சட்டை அணியும்போதோ, முழங்காலுக்குச் சற்று மேலே குறுக்காகச் சில கோடுகள் கண்ணில் படுகின்றன. இரண்டோ மூன்றோ, சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும். ஒன்றன்கீழ் ஒன்றாக, ஏணிப்படிகளைப் போல அவை அமைந்திருக்கும். வெளிர்நிறத் தோலில் செந்நீலமாகவும், மாநிறத் தோலில் கருஞ்சிவப்பாகவும் தோன்றும். வலி இராது. சிலருக்கு மெல்லிய நமைச்சல் இருக்கலாம்.

கண்டவர் முதலில் அடைவது அச்சம். பிரம்பால் அடித்த தடம் போன்றே அவை தெரிவதால், "உன்னை யார் அடித்தது?" என்று வீட்டார் வினவுவர். "யாரும் அடிக்கவில்லை" என்னும் விடை மறைப்பாகக் கருதப்படும். மாணவரோ கொடிய தோல்நோய் எனத் தாமே முடிவு செய்து, வெயில் நாளிலும் காலை மூடிக்கொண்டு திரிவர். அல்லது எவரிடமும் கூறாமல் மருந்துக்கடையில் ஏதேனும் ஒரு களிம்பை வாங்கித் தடவத் தொடங்குவர். வளரிளம் பருவத்தினரின் கீழ்முதுகில் இவ்வாறு குறுக்காக எழுந்த வரிகளை, அடித்துத் துன்புறுத்தியதன் அடையாளமெனப் பிறர் ஐயுற்ற நிகழ்வுகளை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. வரியைத் தவறாகப் படித்தால் குற்றமற்றவர்மீது பழி விழும். உண்மையான அடியை வரியெனத் தள்ளினால் ஒரு பிள்ளையின் துன்பம் மறைக்கப்படும். ஆகவே இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

தோல் என்னும் நெசவு

தோல் வெறும் போர்வை அன்று. மேலே மெல்லிய புறத்தோல். அதன் கீழே தடித்த அகத்தோல். அதற்கும் கீழே கொழுப்பு அடுக்கு. வரி தோன்றும் இடம் அகத்தோல். அங்கே கொல்லாஜன் என்னும் புரத இழைகள் கட்டுக்கட்டாகப் பின்னிக் கிடக்கின்றன. தோலுக்கு உறுதி தருபவை அவையே. அவற்றின் ஊடே, அளவில் மிகக் குறைவாக, எலாஸ்டின் இழைகள் ஓடுகின்றன. இழுத்துவிட்ட தோலைப் பழைய நிலைக்கு மீட்பவை இவை. பாவும் ஊடும் கலந்த துணியில் இரப்பர் நூலையும் சேர்த்து நெய்தாற்போன்ற அமைப்பு இது.

இந்த நெசவு எப்போதும் சற்றே இழுபட்ட நிலையில் உள்ளது என்பதை 1861ஆம் ஆண்டில் வியன்னாவைச் சேர்ந்த உடற்கூற்றியல் அறிஞர் கார்ல் லாங்கர் ஒரு வியப்பான சோதனையால் காட்டினார். இறந்தோர் உடலின் தோலில், வட்டமான முனையுடைய ஊசி போன்ற கருவியால் அவர் துளைகளை இட்டார். வட்டக் கருவி இட்ட துளை வட்டமாக அன்றோ இருத்தல் வேண்டும்? அவையோ நீள்வட்டமாகத் திறந்தன. தோல் ஒரு திசையில் மிகுதியாக இழுபட்டிருப்பதே அதற்குக் காரணம். அத்துளைகளை இணைத்து அவர் வரைந்த கோடுகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. இழுவிசை செல்லும் போக்கை அறிந்து கீறினால் தழும்பு மெல்லியதாக ஆறும் என்பதால், அறுவை மருத்துவர்க்கு அவ்வறிவு பயன்படுகிறது.

முழங்காலின் முகப்புத் தோலுக்கு வேலை இன்னும் மிகுதி. காலை நீட்டும்போது முட்டிச் சில்லின்மேல் அது மடிப்பு மடிப்பாகத் தளர்ந்து கிடக்கிறது. மடக்கும்போது இறுகி விரிகிறது. நாள்தோறும் எத்தனையோ முறை நிகழும் இவ்விரிவால் வரி தோன்றுவதில்லை. ஏனெனில், அடுத்த நொடியே தோல் தளர்ந்துவிடுகிறது. நாள்கணக்கில், மாதக்கணக்கில் தளராத இழுப்பே வரியை உண்டாக்குகிறது.

உயரம் உருவாகும் இடம்

மனிதர் உயரமாவது உடலெங்கும் சமமாக நிகழ்வது அன்று. நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகே வளர்தட்டு எனப்படும் குருத்தெலும்புப் பகுதி உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். தொடையெலும்பு அடையும் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ 70 விழுக்காடு அதன் கீழ்முனையில் உள்ள வளர்தட்டிலிருந்து வருகிறது. கீழ்க்காலின் பெரிய எலும்பு அடையும் வளர்ச்சியில் பாதிக்கு மேற்பட்ட பங்கு அதன் மேல்முனையிலிருந்து வருகிறது. இவ்விரு முனைகளும் சந்திக்கும் இடமே முழங்கால். அதாவது, காலுக்குக் கூடும் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முழங்காலைச் சுற்றியே உருவாகிறது. இடுப்பிலோ கணுக்காலிலோ இத்துணை வளர்ச்சி இல்லை.

விரைவு வளர்ச்சி உச்சத்தை எட்டும் ஆண்டில் ஆண்பிள்ளைகள் 9 அல்லது 10 செ.மீ. வரையிலும், பெண்பிள்ளைகள் ஏறத்தாழ 8 செ.மீ. வரையிலும் உயர்கின்றனர். பெண்களுக்கு இது 11, 12 வயதளவிலும், ஆண்களுக்கு 13, 14 வயதளவிலும் நிகழ்வது பெரும்பான்மை. எலும்பு நீளும் விரைவுக்கு ஈடுகொடுத்து, அகத்தோல் புதிய கொல்லாஜனை நெய்தாக வேண்டும். நெசவு பின்தங்கினால், இழைகள் இழுபட்டு மெலிந்து அறுகின்றன. கால் மேலும் கீழுமாக நீள்வதால், அறுபடும் தடம் குறுக்காக அமைகிறது. செங்குத்தாக இழுக்கப்பட்ட துணி குறுக்கே நைந்துபோவதை இதனோடு ஒப்பிடலாம். புறத்தோல் கிழிவதில்லை, ஆதலால் குருதி கசிவதும் இல்லை. உள்ளே உள்ள குருதிக் குழல்கள் மெலிந்த தோலின் வழியே வெளித்தெரிவதே தொடக்கத்துச் செந்நிறத்திற்குக் காரணம்.

எனில், ஒரே வகுப்பில் ஒரே அளவு உயர்ந்த இருவருள் ஒருவருக்கு வரி விழுவதும், மற்றவருக்கு விழாமையும் ஏன்? மரபு ஒரு காரணம். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு மிகுதி. ஹார்மோன்கள் இன்னொரு காரணம். அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்டிசோல், கொல்லாஜனை உருவாக்கும் செல்களின் செயலைத் தணிக்க வல்லது. இழுவிசை மட்டுமே காரணம் எனில், உயர்ந்த எல்லோருக்கும் வரி விழுந்திருக்க வேண்டும். உடல் எடை விரைந்து கூடுதல், உடற்பயிற்சிக் கூடத்தில் குறுகிய காலத்தில் தசையைப் பெருக்குதல், பேறுகாலம் ஆகியவற்றிலும் இதே வரிகள் தொடை, இடுப்பு, தோள், வயிறு முதலிய இடங்களில் தோன்றுகின்றன.

காய்ச்சலில் நெடுநாள் படுத்து எழுந்த பிள்ளை சட்டென வளர்ந்துவிட்டதாகத் தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் பெரியோர் கூறுவதுண்டு. டைஃபாய்டு காய்ச்சலுக்குப் பின் சிலருடைய வயிற்றிலும் தொடையிலும் இத்தகைய மெலிவுக் கோடுகள் தோன்றுவதை, கனடாவில் பிறந்த மருத்துவ மேதை வில்லியம் ஆஸ்லர் தம் புகழ்பெற்ற மருத்துவ நூலில் குறித்துள்ளார். நோயால் நலிந்த உடலில் தோலின் நெசவும் நலிந்திருக்கும் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

அடித் தடமும் வளர்ச்சி வரியும்

அடியின் தடம் நாளுக்கு நாள் மாறும். சிவந்து, நீலம் பாய்ந்து, பின் பச்சையும் மஞ்சளுமாகி, பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்களில் மறையும். தொட்டால் வலிக்கும். பிரம்பு போன்ற உருண்ட கோலால் ஓங்கி அடித்தால் ஒரே கோடாகப் பதிவதில்லை. நடுவே வெளிறிய இடைவெளி விட்டு, இணையான இரு கோடுகளாகப் பதியும். கோல் பட்ட இடத்துக் குருதி இருபுறமும் ஒதுக்கப்படுவதே இதற்குக் காரணம். வளர்ச்சி வரியோ அதே இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும். விரலால் தடவினால் முதலில் சற்றே மேடாகவும், பின்னாளில் மெல்லிய பள்ளமாகவும் உணரப்படும். பெரும்பாலும் இரு கால்களிலும் ஒத்த இடத்தில் காணப்படும். இவ்வேறுபாடு மருத்துவர்க்கு மட்டுமன்றி, பிள்ளைகளோடு பழகும் எல்லோர்க்கும் தெரிந்திருத்தல் நன்று. அடித் தடமே எனத் தெரிந்தால் வாளாவிருத்தல் ஆகாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098 அதற்கெனவே உள்ளது.

ஓராண்டோ, ஈராண்டோ செல்லச் செந்நிறம் மங்கி, வரிகள் வெளிறிய வெள்ளிக் கோடுகளாகின்றன. முற்றிலும் மறைவதில்லை, ஆனால், அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கிவிடும். இவற்றை நீக்குவதாகக் கூறி விற்கப்படும் எண்ணெய்களும் களிம்புகளும் ஏராளம். பேறுகால வரிகளைத் தடுக்க ஆலிவ் எண்ணெயும் கொக்கோ வெண்ணெயும் உதவுமா என முறையாக ஆராய்ந்தபோது, அவை தடுப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. தேங்காய் எண்ணெய் தடவினால் தோலின் வறட்சி நீங்கும், நமைச்சல் தணியும். அறுந்த இழை ஒட்டாது. புதிய வரிகளுக்குத் தோல் மருத்துவர் தரும் சிகிச்சைகள் ஓரளவு பயனளிப்பதுண்டு.

களிம்பு செய்யும் கேடு

எல்லா வரிகளும் வளர்ச்சியால் வந்தவை அல்ல. அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், 1932ஆம் ஆண்டில், பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் சிறு கட்டியால் உடல் அடையும் மாற்றங்களை விரிவாக எழுதினார். அந்நோயில் கார்டிசோல் மிகுந்து, முகம் வட்டமாகி, வயிறு பருத்து, கைகால் மெலிந்து, அகன்ற ஊதா நிறப் பட்டைகள் வயிற்றிலும் தொடையிலும் எழுகின்றன. வளர்ச்சி வரிகள் மெல்லியவை. இவையோ ஒரு செ.மீ. அகலத்தையும் கடக்கக் கூடியவை. மிக அரிய நோய் இது. ஆனால், இதே விளைவை ஒரு சிறு களிம்புக் குழாய் எளிதில் உண்டாக்கிவிடும் என்பதே இங்குக் கவலைக்குரியது.

படர்தாமரை, கரப்பான் முதலியவற்றுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஆற்றல் மிக்க ஸ்டீராய்டு கலந்துள்ளது. தடவிய இரண்டு நாளில் நமைச்சல் அடங்குவதால், நோய் தீர்ந்தது என்னும் மயக்கம் ஏற்படுகிறது. பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டிருக்கும். மேலே தோல் மெலிந்துகொண்டிருக்கும். முழங்காலின் பின்மடிப்பிலும் தொடையின் உட்புறத்திலும் தோல் மென்மையானது; ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் மருந்தை மிகுதியாக உறிஞ்சும். சில வாரங்கள் தொடர்ந்து தடவிய பின், அவ்விடங்களில் ஆழ்ந்த வரிகள் விழுந்து நிலைத்துவிடுகின்றன. வளர்ச்சி வரியை மறைக்க எண்ணி இக்களிம்பைத் தடவுவோர் வரியைப் பெருக்கிக்கொள்கின்றனர் என்பது வருந்தத்தக்க முரண். இந்தியாவில் இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பல 2018ஆம் ஆண்டில், மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கத்தக்க மருந்துகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. எனினும், அண்டை வீட்டார் தந்த குழாயும் அக்காள் பயன்படுத்தி மிச்சம் வைத்த குழாயும் எந்தப் பட்டியலுக்கும் கட்டுப்படுவதில்லை.

கருத்த முழங்கால்

வரியைப் போன்றே கவலை தருவது முழங்காலின் கருமை. மற்ற இடத்தை நோக்க முழங்காலும் முழங்கையும் சற்றே கருத்திருப்பது இயல்பு. உராய்வும் அழுத்தமும் மிகுந்த இடங்களில் புறத்தோல் தடிக்கிறது. மெலனின் நிறமியும் கூடுகிறது. தரையில் மண்டியிட்டுப் பணி செய்வோர்க்கு இது காய்ப்பாகவே உறைகிறது. தரை துடைப்போர், ஓடு பதிப்போர், மண்டியிட்டு வழிபடுவோர் ஆகியோரின் முழங்கால்களில் இதனைக் காணலாம். அழுத்தம் நீடித்தால் முட்டிச் சில்லின் முன்னுள்ள திரவப்பை வீங்குவதுமுண்டு. ஆங்கிலத்தில் இவ்வீக்கத்திற்கு 'வீட்டுப் பணிப்பெண்ணின் முழங்கால்' என்னும் பொருள்படும் பெயரே நிலைத்துவிட்டது. நோய்க்கு யாருடைய பெயர் இடப்பட்டது என்பதிலேயே, அது யாரை வருத்தியது என்பதும் தெரிகிறது.

பள்ளிகளில் பிள்ளைகளை முட்டி போடச் செய்வதும் ஒரு காலத்தில் இயல்பாகக் கருதப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில் உடல்சார்ந்த தண்டனையையும் மனத்தளவிலான துன்புறுத்தலையும் தடை செய்தது.

கீழே விழுந்து சிராய்த்த இடம் கருத்துப்போவது வேறு வகை. புண் ஆறும்போது நிறமி மிகுதியாகச் சுரந்து தங்கிவிடுகிறது. மாநிறத்தோர்க்கும் கருநிறத்தோர்க்கும் இது மங்க மாதங்கள் ஆகும். பொருக்கைப் பிய்த்தால் இன்னும் நீளும்.

கருமையுள் ஒன்றை மட்டும் அசட்டை செய்யலாகாது. பின்கழுத்து, அக்குள், சில வேளைகளில் விரல்மூட்டு, முழங்கை, முழங்கால் ஆகிய இடங்களில் தோல் தடித்து, வெல்வெட்டுத் துணி போல் கருத்தால், அது அழுக்கு அன்று. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. உடலில் இன்சுலின் மிகுந்து சுரந்தும் அது செவ்வனே செயற்படாத நிலையின் வெளிப்பாடாக இது அமைவதுண்டு. பின்னாளில் நீரிழிவு வருவதற்கான முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். "கழுத்தைத் தேய்த்துக் குளி" என்று கடிந்துகொள்ளப்படும் பிள்ளைகளுள் சிலருக்கு வேண்டியது சோப்பன்று, குருதிச் சோதனை.

பின்புறத்து நீலக்கோடுகள்

முழங்காலின் பின்புறத்தில் காணும் நீலக்கோடுகள் தோலுக்கு உரியவை அல்ல, சிரைகளுக்கு உரியவை. காலிலிருந்து குருதி இதயத்தை நோக்கி மேலேற வேண்டும். கீழே வழிந்துவிடாமல் தடுக்கச் சிரைகளுக்குள் சிறு கதவுகள் போன்ற வால்வுகள் உள்ளன. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் குருதி மேலே உந்தப்படுகிறது. நடப்பவருக்கு இது தானே நிகழும். ஓரிடத்தில் நின்றே இருப்பவருக்குத் தசை சுருங்குவது குறைவு, குருதி தேங்குகிறது, வால்வுகள் நாளடைவில் தளர்கின்றன. சிரைகள் புடைத்து, நெளிந்து, நீலக்கயிறு போல் எழுகின்றன. மக்கள் இதனை நரம்புச் சுருட்டல் என்பர். மரபாலும் பேறுகாலத்தாலும் இது வரும். போக்குவரத்துக் காவலர், உணவக ஊழியர், துணிக்கடைப் பணியாளர் எனப் பொழுதெல்லாம் நின்று உழைப்போரிடம் மிகுதியாகக் காணப்படும்.

கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுக் குரலெழுப்பினர். கேரள அரசு 2018ஆம் ஆண்டில் அதற்கெனச் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டிலும், 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ஆம் ஆண்டு ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைநேரத்தில் வாய்ப்பு நேரும்போதெல்லாம் அமர்ந்துகொள்ள, பணியாளர் அனைவருக்கும் தக்க இருக்கை அளித்தல் வேண்டும் என்பது அப்பிரிவு இடும் கடமை. துணிக்கடைக்குச் செல்வோர், புடவைகளை விரித்துக் காட்டும் பெண்ணுக்குப் பின்னே ஒரு முக்காலி இருக்கிறதா என்று நோக்கினால், அச்சட்டம் அந்தக் கடைக்குள் வந்து சேர்ந்ததா என்பதை அறியலாம்.